பூட்டு ஒன்றுதான்... கையெழுத்து யாருடையது?

சிம்போசியத்துக்கு இன்னும் நாலே நாள். ராத்திரி பதினோரு மணி. ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்த எங்கள் கூட்டத்துக்குள் செகண்ட் இயர் ஜூனியர் ஒருத்தன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

''அண்ணா... நம்ம சைட் ஓப்பன் ஆகலை. இணைப்பு பாதுகாப்பானது இல்லைன்னு வார்னிங் வருது. ரிஜிஸ்டர் பண்ண வர்ற மத்த காலேஜ் பசங்க எல்லாம் எனக்கே போன் பண்றாங்க!''

லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், சைட்டின் எஸ்.எஸ்.எல். சர்டிஃபிகேட் அன்றைக்குத்தான் காலாவதி ஆகியிருக்கிறது. போன வருஷம் அதைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டவர் ஒரு ஃபைனல் இயர் அண்ணன். அவர் பாஸ் அவுட் ஆகி பெங்களூரு போய்விட்டார். 'புதுப்பிக்கவும்' என்று வந்த மெயில்கள் எல்லாம் அவருடைய பழைய காலேஜ் ஐ.டி.க்குப் போய், படிக்க ஆளில்லாமல் கிடந்திருக்கின்றன.

''இதுக்கு ஏன்டா டென்ஷன்? வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் தட்டிடலாம். வார்னிங் வந்தா 'அட்வான்ஸ்டு' அழுத்தி, 'பரவாயில்லை, உள்ளே போ'ன்னு கொடுங்கன்னு சொல்லிட்டா மேட்டர் ஓவர்'' என்றான் ஒருவன். அடடா, என்ன மூளை! எல்லோரும் தலையாட்டினோம்.

மறுநாள் காலையில் லேப் மேடம் காதுக்கு விஷயம் போனது. அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: ''நீங்க சொல்லிக் கொடுக்கப்போறது சைட்டுக்குள்ள வர்ற வழி இல்லப்பா... வார்னிங்கை மதிக்காம போற பழக்கம். நாளைக்கு பேங்க் சைட்ல இதே வார்னிங் வந்தாலும் அந்தப் பசங்க இதையேதான் அழுத்துவாங்க. சரி, புதுசா எந்த சி.ஏ. கிட்ட வாங்கப் போறீங்க?''

சி.ஏ. என்றால் ஆடிட்டர் படிப்பு என்று நினைத்து முழித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவர் கேட்டது சர்டிஃபிகேட் அத்தாரிட்டி. அந்த நாலு நாளில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை. நாளைக்கு உங்கள் டிபார்ட்மென்ட் சைட்டோ, நீங்கள் ஆரம்பிக்கப்போகும் கம்பெனியின் சைட்டோ இதே கேள்வியில் வந்து நிற்கும் பாஸ்!

பச்சை மை கையெழுத்து

அட்மிஷனுக்கு அலைந்தபோது மார்க் ஷீட் ஜெராக்ஸில் கெஜட்டட் ஆபீசரிடம் அட்டெஸ்டேஷன் வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? பச்சை மையில் ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. காலேஜ் ஆபீசில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. ஆனால் அந்த முத்திரையை அவர் நம்புகிறார். அதனால் உங்களையும் நம்புகிறார்.

சி.ஏ.வின் வேலையும் இதுதான். உங்கள் சர்வரில் ஒரு ஜோடி சாவி உருவாகும். ஒன்று ரகசிய சாவி, அது சர்வரை விட்டு வெளியே போகவே கூடாது. இன்னொன்று எல்லோருக்கும் காட்டும் பொதுச் சாவி. அந்தப் பொதுச் சாவியை எடுத்துக்கொண்டு போய் சி.ஏ.விடம் நீட்டினால், ''இந்த டொமைன் நிஜமாகவே உன் கையில்தான் இருக்கிறதா?'' என்று சோதிக்கும். நான் கொடுக்கும் ஃபைலை உன் சர்வரில் வை என்றோ, இந்த வரியை உன் டி.என்.எஸ்.ஸில் சேர் என்றோ சொல்லும். செய்து காட்டினால் கையெழுத்துப் போட்டுத் தரும். அந்தக் கையெழுத்திட்ட தாள்தான் சர்டிஃபிகேட்.

யார் முத்திரையை நம்புவது என்று பிரவுசர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பராமரிப்பவர்களில் முக்கியமானவர்கள் மோசில்லா, கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட். இந்த நான்கிலும் இடம் இல்லாத சி.ஏ.விடம் சர்டிஃபிகேட் வாங்கினால், நம் ஊர் பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் மார்க் ஷீட்டை அட்டெஸ்ட் பண்ணி வாங்கின மாதிரிதான். அண்ணாச்சி நல்லவர். ஆனால் ஆபீசில் செல்லாது!

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தகவலைப் பூட்டும் வேலையில் சி.ஏ.வுக்குப் பங்கே கிடையாது. பூட்டு, சாவி எல்லாம் பிரவுசரும் சர்வரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வது. இலவசமாக வாங்கினாலும் ஐந்து இலக்கத்தில் காசு கொடுத்து வாங்கினாலும் பூட்டு அதே பூட்டுதான். (இன்னொரு ரகசியம்... எஸ்.எஸ்.எல். என்பது பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பேர். அதன் கடைசி வெர்ஷனையும் 2015-லேயே ஓரம் கட்டிவிட்டார்கள். இப்போது ஓடுவது டி.எல்.எஸ்.)

அப்படியானால் எந்த சி.ஏ.வாக இருந்தால் என்ன என்கிறீர்களா? அங்கேதான் ட்விஸ்ட்!

முத்திரை திருடு போன கதை

நெதர்லாந்தில் பெவர்வைக் என்ற ஊரில் டிஜிநோட்டார் என்று ஒரு சி.ஏ. இருந்தது. அந்த நாட்டு அரசாங்க சைட்டுகளுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மரியாதைக்குரிய கம்பெனி.

2011 ஜூன் மாதம் அதன் கம்ப்யூட்டர்களுக்குள் ஒரு ஹேக்கர் நுழைந்தான். ஜூலை 10-ம் தேதி கூகுளின் பேரிலேயே ஒரு சர்டிஃபிகேட் தயாரானது. கூகுள் கேட்கவில்லை, கூகுளுக்குத் தெரியவும் தெரியாது. இப்படிப் போலியாகத் தயாரானவை மொத்தம் 531. சில நாளில் டிஜிநோட்டாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் கண்டுபிடித்தவற்றை மட்டும் சத்தமில்லாமல் ரத்து செய்துவிட்டு, ஊருக்குச் சொல்லாமல் கமுக்கமாக இருந்துவிட்டது.

பாதிக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஈரானில் ஜிமெயில் பார்த்தவர்கள். நடுவில் யாரோ உட்கார்ந்து அந்தப் போலி சர்டிஃபிகேட்டைக் காட்ட, பிரவுசரும் 'இது கூகுள்தான்' என்று நம்பியது. பின்னால் விசாரித்த ஃபாக்ஸ் ஐ.டி. நிறுவனம், சுமார் 3 லட்சம் ஐ.பி. முகவரிகள் இதில் மாட்டியதாகக் கணக்கிட்டது. ஒவ்வொரு முகவரிக்குப் பின்னாலும் ஒரு மனிதர். அவருடைய மெயில்கள், பாஸ்வேர்டு, நண்பர்களின் பெயர்கள்...

இது எப்படி வெளியே வந்தது? அங்கேதான் எங்கள் மேடம் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. கூகுள் தன் சொந்த சைட்டுகளுக்கு எந்தெந்த சி.ஏ. கையெழுத்து இருக்கலாம் என்று குரோம் பிரவுசருக்குள்ளேயே எழுதி வைத்திருந்தது. அதனால் குரோம் மட்டும் வார்னிங் காட்டியது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஈரானில் ஒருவர் அந்த வார்னிங்கைப் பார்த்து, 'பரவாயில்லை, உள்ளே போ' என்று அழுத்தாமல், கூகுளின் உதவிப் பக்கத்தில் கேள்வி கேட்டார். அடுத்த நாளே விஷயம் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் நடந்தது ஜெட் வேகம். பிரவுசர்கள் வரிசையாக டிஜிநோட்டாரைப் பட்டியலில் இருந்து தூக்கின. செப்டம்பர் 3-ம் தேதி நடுநிசி தாண்டி நெதர்லாந்து அமைச்சர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, அரசாங்கமே இனி அதை நம்பவில்லை என்று அறிவித்தார். செப்டம்பர் 20-ம் தேதி கம்பெனி திவால்!

இந்தக் கதையில் ஒரு தப்பும் செய்யாமல் அடி வாங்கியவர்களும் உண்டு. டிஜிநோட்டாரிடம் ஒழுங்காகக் காசு கட்டி ஒரிஜினல் சர்டிஃபிகேட் வாங்கியவர்கள்! அட்டெஸ்ட் பண்ணின ஆபீசர் சஸ்பெண்ட் ஆனால் உங்கள் ஜெராக்ஸும் செல்லாக்காசு ஆகிற மாதிரி. அதனால்தான் கையெழுத்து யாருடையது என்பது முக்கியம்.

பெரிய பேர்னா பயமில்லையா?

சின்ன கம்பெனி, அதான் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தால்... சாரி. 2010-ல் வெரிசைனின் சர்டிஃபிகேட் பிசினஸை 128 கோடி டாலர் கொடுத்து வாங்கிய சைமன்டெக், இந்த லைனில் சூப்பர் ஸ்டார். தாட், ஜியோடிரஸ்ட், ராபிட் எஸ்.எஸ்.எல். எல்லாம் அதன் கைக்குள். 2015-ல் 'சும்மா டெஸ்டிங்' என்று கூகுள் பேரில் ஒரு சர்டிஃபிகேட் போட்டு மாட்டியது. 2017-ல் மறுபடி விதிமீறல் புகார்கள். கூகுள் பொறுமை இழந்தது. அதே வருஷம் சைமன்டெக் இந்த பிசினஸை டிஜிசெர்ட்டுக்கு விற்றது. 2018 ஏப்ரலில் வந்த குரோம் 66-ல் ஆரம்பித்து அக்டோபரில் வந்த குரோம் 70-க்குள் பழைய சைமன்டெக் கையெழுத்துகள் மொத்தமும் செல்லாதவை ஆயின. அந்த சர்டிஃபிகேட் வைத்திருந்த சைட்காரர்கள் எல்லாம் மாற்றி வாங்க ஓடினார்கள்.

2024-ல் இதே கதை என்ட்ரஸ்ட்டுக்கு. கூகுள் அறிவித்தது, நவம்பர் 11-க்குப் பிறகு அது கொடுக்கும் புது சர்டிஃபிகேட்டுகளை குரோம் நம்பாது என்று.

நம் ஊரும் இந்த லிஸ்டில் உண்டு. 2014 ஜூலையில், நம் தேசிய தகவல் மையமான என்.ஐ.சி.யின் சி.ஏ.வில் இருந்து கூகுள் பேரில் அனுமதி இல்லாத சர்டிஃபிகேட்டுகள் வந்திருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. இந்தியாவில் சி.ஏ.க்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அரசு அமைப்பு மறுநாளே என்.ஐ.சி.யின் சான்றுகளை ரத்து செய்தது. இந்தியாவின் அந்த ரூட்டை மைக்ரோசாஃப்ட் பட்டியல் நம்பியது, மோசில்லா பட்டியல் நம்பவில்லை. அதனால் விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் பட்டியலை நம்பிய புரோகிராம்களுக்கு ஆபத்து, ஃபயர்பாக்ஸ் பார்த்தவர்களுக்கு இல்லை. பட்டியல் எவ்வளவு முக்கியம் பார்த்தீர்களா?

ஆக, பேரையும் சைஸையும் பார்த்து ஏமாறக் கூடாது. அந்த சி.ஏ. தப்பு செய்தபோது எப்படி நடந்துகொண்டது என்று பார்க்க வேண்டும். உடனே ஒப்புக்கொண்டு சரி செய்ததா, இல்லை மூடி மறைத்ததா? உதாரணத்துக்கு, இலவச சி.ஏ.வான லெட்ஸ் என்க்ரிப்ட்டில் 2020 பிப்ரவரி 29-ல் சோதனை மென்பொருளில் ஒரு பிழை தெரிய வந்தது. பாதிக்கப்பட்டவை சுமார் 30 லட்சம் சர்டிஃபிகேட்டுகள் என்று தானே வெளிப்படையாக அறிவித்து, மாற்றிக்கொள்ளச் சொன்னது. பிழை யாருக்கும் வரும். மறைப்பதுதான் பெரிய பிழை.

காசு கொடுத்தா என்ன கிடைக்கும்?

மூணு வகை சர்டிஃபிகேட் இருக்கிறது. டி.வி. என்றால் டொமைன் உங்களுடையதுதானா என்று மட்டும் பார்ப்பார்கள். ஓ.வி. என்றால் உங்கள் நிறுவனம் நிஜமாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இ.வி. என்றால் இன்னும் ஆழமான விசாரணை, கூடுதல் பில்!

ஒரு காலத்தில் இ.வி. வாங்கினால் பிரவுசரின் முகவரிப் பட்டையில் கம்பெனி பேர் பச்சையாக மின்னும். சும்மா கெத்தா இருக்கும். 2017-ல் இயன் கரோல் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஒரு வேலை செய்தார். பேமென்ட் உலகின் பிரபல கம்பெனியான ஸ்ட்ரைப் பேரிலேயே அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில் சட்டப்படி ஒரு கம்பெனி பதிந்து, அதற்கு இ.வி. வாங்கிவிட்டார்! பேர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றா? 2019-ல் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் முகவரிப் பட்டையில் அந்தப் பேரைக் காட்டுவதையே நிறுத்திவிட்டன. 2023-ல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையும் எடுத்துவிட்டது. பூட்டு இருந்தால் நல்ல சைட் என்று மக்கள் தப்பாக நினைக்கிறார்கள் என்பதுதான் காரணம். மோசடி சைட்டுக்கும் பூட்டு கிடைக்கும் மக்களே!

பேங்க், பெரிய நிறுவனம் என்றால் ஓ.வி., ஒப்பந்தம், அவசரத்துக்குப் போன் எடுக்க ஆள் என்று காசுக்கு அர்த்தம் இருக்கலாம். சிம்போசியம் சைட்டுக்கு டி.வி. தாராளம்.

இலவசம்னா இளக்காரமா?

2012-ல் மோசில்லாவில் இரண்டு பேர், இ.எஃப்.எஃப். அமைப்பில் ஒருவர், மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மேன் ஆகியோரின் முயற்சியில் கருவானது லெட்ஸ் என்க்ரிப்ட். லாப நோக்கம் இல்லாத சி.ஏ. 2015 செப்டம்பர் 14-ல் முதல் சர்டிஃபிகேட். 2020 பிப்ரவரியில் 100 கோடியைத் தொட்டது. ஓசி என்றாலே மட்டமாகப் பார்க்கும் நம்ம ஊர் புத்திக்கு இது ஒரு சரியான பதில்.

இதன் பலமே இலவசம் இல்லை, ஆட்டோமேட்டிக் என்பதுதான். ஆக்மி என்ற முறையில் சர்வரும் சி.ஏ.வும் தாங்களே பேசி, சோதித்து, புதுப்பித்துக்கொள்ளும். செர்ட்பாட் மாதிரி ஒரு புரோகிராமைப் போட்டுவிட்டால் போதும். பல ஹோஸ்டிங் கம்பெனிகள் இதைத் தாங்களே செய்து கொடுக்கின்றன. காசு கட்டும் முன் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஒரே பேர்களுக்கு ஒரு வாரத்தில் ஐந்து தடவைக்கு மேல் சர்டிஃபிகேட் தராது. 'வேலை செய்யுதா'ன்னு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் லாக் ஆகிவிடும். பழகிப் பார்க்க அதற்கென்றே ஸ்டேஜிங் சர்வர் இருக்கிறது. இரண்டு, காலாவதி ஆகப்போகிறது என்று மெயில் அனுப்புவதை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூன் 4-ல் நிறுத்திவிட்டது. கவனித்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

தேதி மறந்தால் தலைவலி

எங்களுக்கு நடந்தது சின்ன அசிங்கம். 2018 டிசம்பர் 6-ல் எரிக்சன் மென்பொருளில் ஒரு சர்டிஃபிகேட் காலாவதி ஆனதில், பிரிட்டனில் ஓ2 வாடிக்கையாளர்கள் கோடிக்கணக்கானோர் மொபைல் டேட்டா இல்லாமல் தவித்தார்கள். 2020 பிப்ரவரி 3-ல் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் படுத்ததற்கும் இதே காரணம்.

இனிமேல் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 2020 செப்டம்பரில் இருந்து ஒரு சர்டிஃபிகேட்டின் உச்ச ஆயுள் 398 நாள் என்று இருந்தது. 2025 ஏப்ரலில் சி.ஏ.க்களும் பிரவுசர்காரர்களும் சேர்ந்த அமைப்பு அதைப் படிப்படியாக வெட்ட முடிவெடுத்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள்! ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை கையால் மாற்றிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. எனவே ஆட்டோமேட்டிக் புதுப்பித்தல் இல்லாத சி.ஏ. எவ்வளவு ஆஃபர் கொடுத்தாலும் டாட்டா சொல்லிவிடுங்கள்.

சி.ஏ. செலக்ஷன் டிப்ஸ்

* நான்கு பெரிய பட்டியல்களிலும் இருக்கிறதா? பழைய போன்களிலும் செல்லுமா? 2021 செப்டம்பர் 30-ல் ஒரு பழைய ரூட் காலாவதி ஆனபோது பல பழைய கருவிகள் திணறின.

* பேரைப் போட்டு கடந்த கால வரலாற்றைத் தேடுங்கள். தப்பு செய்ததா என்பதைவிட, சொன்னதா என்று பாருங்கள்.

* ஆக்மி இருக்கிறதா?

* ரகசிய சாவியை நாங்களே தயாரித்து வைத்துக்கொள்கிறோம் என்று கடைக்காரர் சொன்னால் ஓடிவிடுங்கள். 2018-ல் ட்ரஸ்டிகோ என்ற ரீசெல்லர், வாடிக்கையாளர்களின் சுமார் 23,000 ரகசிய சாவிகளை மெயிலிலேயே அனுப்பி வைத்தது. அத்தனை சர்டிஃபிகேட்டும் ரத்து!

* சி.ஏ.ஏ. என்று டி.என்.எஸ்.ஸில் ஒரு வரி சேருங்கள். 'எனக்கு இந்த சி.ஏ. மட்டும்தான் கையெழுத்துப் போடலாம்' என்று அர்த்தம். 2017 செப்டம்பர் முதல் எல்லா சி.ஏ.வும் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

* வெளியாகும் சர்டிஃபிகேட்டுகள் பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன. 2018 மே முதல் பதிவில்லாத புது சர்டிஃபிகேட்டை குரோம் ஏற்காது. உங்கள் டொமைன் பேரில் யாராவது வாங்கியிருக்கிறார்களா என்று அங்கே தேடிப் பார்க்கலாம்.

கராஜ் டு விண்வெளி

சர்டிஃபிகேட் பிசினஸில் என்ன பெரிய காசு என்கிறீர்களா? தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் படித்த மார்க் ஷட்டில்வொர்த், 1995-ல் தாட் என்ற சி.ஏ.வை ஆரம்பித்தார். இடம், பெற்றோர் வீட்டு கராஜ். 1999-ல் வெரிசைனுக்கு விற்றபோது விலை சுமார் 57.5 கோடி டாலர். 2002-ல் சொந்தக் காசில் விண்வெளிக்குப் போய் வந்தார். 2004-ல் உபுண்டுவை ஆரம்பித்தார். அரியர் வைத்திருக்கும் அன்பர்கள் கவனிக்கவும்!

கடைசியாக...

எங்கள் சைட் என்ன ஆச்சு? லெட்ஸ் என்க்ரிப்ட் போட்டோம். ஆட்டோமேட்டிக் புதுப்பித்தலை ஓடவிட்டு, ஒரு தடவை சோதித்தும் பார்த்தோம். பாஸ் அவுட் ஆகாத ஒரு ஐ.டி. வேண்டுமே... டிபார்ட்மென்ட் பேரில் பொது மெயில் ஒன்று ஆரம்பித்தோம். லேப் நோட்டின் முதல் பக்கத்தில், யார் வாங்கியது, எங்கே வாங்கியது, எப்போது முடிகிறது என்று எழுதி ஜூனியர்கள் கையில் கொடுத்தோம்.

வாட்ஸ்அப் குரூப்பில் அந்த மெசேஜும் போனது. ஆனால் வாசகம் மட்டும் மாறியிருந்தது: 'எங்கள் சைட்டில் வார்னிங் வந்தால் உள்ளே வராதீர்கள். எங்களுக்குச் சொல்லுங்கள்.'

ஈரானில் முகம் தெரியாத ஒருவர் செய்ததும் அதைத்தானே?